32 மணி நேரம் வாசித்துக் காட்டிய எழுத்தாளர்... நெருப்பில் போடச் சொன்ன நண்பர்கள்! - குஸ்தாவ் ஃப்ளோபேரின் ஃபீட்பேக் கதை

ராத்திரி 11 மணி. மூணு மாசமா எழுதின கதையை ஒருவழியா முடிச்சு, பிடிஎஃப் ஆக்கி, நெருங்கிய நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புறீங்க. ப்ளூ டிக் விழுந்துடுச்சு. ஒரு நாள் போகுது... ரெண்டு நாள் போகுது. மூணாவது நாள் ஒரு தம்ஸ் அப் எமோஜி வருது. அவ்வளவுதான். கதை நல்லாருக்கா, முழுசாப் படிச்சாங்களா, பாதியில விட்டுட்டாங்களா... ஒண்ணும் புரியாது.

இப்போ அந்த நண்பரோட இடத்துல உங்களை வெச்சுப் பாருங்க. கதை பிடிக்கலை. சொன்னா மனசு கஷ்டப்படும். சொல்லலைன்னா பொய் சொன்ன மாதிரி ஆகிடும். என்ன பண்ணுவீங்க? எமோஜிதான் அனுப்புவீங்க!

இந்த ரெண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தவர் ஒருத்தர் இருக்கார். உலகின் மிகச்சிறந்த நாவல்களில் ஒன்று என இன்றும் கொண்டாடப்படும் 'மதாம் பொவாரி'யை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ளோபேர். அவருடைய வாழ்க்கையே ஒரு நீளமான ஃபீட்பேக் கதைதான்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

1821 டிசம்பர் 12. பிரான்ஸின் நார்மண்டி பகுதியில் இருக்கும் ரூவான் நகரில் பிறந்தார் குஸ்தாவ். அப்பா, ஊர்ப் பெரிய மருத்துவமனையின் தலைமை அறுவை சிகிச்சை மருத்துவர். வீடும் மருத்துவமனையை ஒட்டியே இருந்தது. பிணங்களை அறுத்துப் பார்க்கும் அறையை, தங்கை கரோலினோடு தோட்டத்துக் கம்பித் தட்டியில் ஏறி எட்டிப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர்.

அண்ணன் டாக்டர் ஆனார். தம்பியைச் சட்டம் படிக்க பாரீஸுக்கு அனுப்பினார்கள். அவருக்கோ சட்டப் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி. 1844 ஜனவரியில் அண்ணனோடு குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது திடீரென வலிப்பு வந்து விழுந்தார். அதோடு படிப்பும் நின்றது. அந்த நோய்தான் அவருக்கு எழுதுவதற்கான நேரத்தை வாங்கிக் கொடுத்தது என்றுகூடச் சொல்லலாம்.

1846, அந்தக் குடும்பத்துக்கு மோசமான ஆண்டு. ஜனவரியில் அப்பா இறந்தார். மார்ச்சில், குழந்தை பெற்ற சில வாரங்களில் தங்கையும் போய்விட்டார். அம்மா, தங்கையின் கைக்குழந்தை, குஸ்தாவ் என மூவர் மட்டும் ரூவானுக்குப் பக்கத்தில் க்ருவாஸே என்ற சிற்றூரில், செய்ன் நதிக்கரை வீட்டில் தங்கினார்கள். கிட்டத்தட்ட கடைசிவரை அதுதான் அவர் எழுத்து மேஜை இருந்த இடம்.

நண்பர்கள் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் லூயி பூயே. குஸ்தாவின் அப்பாவிடம் மருத்துவம் படித்து, அதை விட்டுவிட்டுக் கவிதை பக்கம் போனவர். லத்தீன் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். கூச்ச சுபாவம், கையில் காசில்லை. இன்னொருவர் மாக்ஸிம் து கான். பாரீஸ்காரர், வசதியானவர், எங்கே கதவு திறந்திருந்தாலும் உள்ளே போய்விடும் சுறுசுறுப்பு. இந்த இருவரும் ஃபீட்பேக் கொடுத்த விதத்தில்தான் நமக்கான பாடமே இருக்கிறது.

நாலு நாள்... பேசக் கூடாது!

1845இல் இத்தாலியின் ஜெனோவாவில் ஓர் ஓவியத்தைப் பார்த்தார் குஸ்தாவ். எகிப்துப் பாலைவனத்தில் தனியாக வாழ்ந்த துறவி புனித அந்தோணியாரைச் சாத்தான் சோதிக்கும் காட்சி. அது மனதில் ஒட்டிக்கொண்டது. 1848 மே மாதம் 'புனித அந்தோணியாரின் சோதனை'யை எழுத ஆரம்பித்து, 1849 செப்டம்பரில் முடித்தார். நாடக வடிவில், ஒரே இரவில் துறவியின் முன் ஊர்வலமாக வரும் ஆசைகள், தெய்வங்கள், அரக்கர்கள். இதுதான் தன் பெரிய படைப்பு என்று நம்பினார்.

லூயியையும் மாக்ஸிமையும் க்ருவாஸேக்கு வரவழைத்தார். தானே சத்தமாக வாசித்துக் காட்டுவதாக ஏற்பாடு. ஒரே ஒரு கண்டிஷன்: முழுதும் முடியும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

மதியம் 12 முதல் 4 வரை, இரவு 8 முதல் 12 வரை. ஒரு நாளைக்கு 8 மணி நேரம். நாலு நாளில் 32 மணி நேரம்! ஒவ்வொரு வாசிப்பு முடிந்ததும் குஸ்தாவின் அம்மா நண்பர்களைத் தனியாக அழைத்து, எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. நாலாவது நாள் நள்ளிரவு. குஸ்தாவ் கடைசிப் பக்கத்தை வைத்துவிட்டு, மேஜையைத் தட்டித் தீர்ப்பு கேட்டார்.

பேசியது கூச்ச சுபாவியான லூயிதான். இதை நெருப்பில் போட்டுவிட்டு, இனி இதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குஸ்தாவ் அலறிவிட்டார் என்று பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார் மாக்ஸிம்.

யோசிச்சுப் பாருங்க. ஒண்ணரை வருஷ உழைப்பு. 28 வயசுகூட ஆகலை. உலகத்திலேயே நெருங்கிய ரெண்டு பேர், ஒரே வரியில முடிச்சுட்டாங்க. அந்த இடத்துல நாம இருந்தா, முதல்ல அவங்க நம்பரை பிளாக் பண்ணியிருப்போம்!

ஆனால், அந்த இரவு அந்த ஒரு வரியோடு முடியவில்லை. விடியும்வரை மூவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கே தப்பு என்பதை நண்பர்கள் விளக்கினார்கள். உணர்ச்சி பொங்கினால் குஸ்தாவால் கட்டுப்படுத்த முடியவில்லை, வார்த்தைகள் கொட்டுகின்றன, கதை நகரவில்லை. அதனால் அடுத்து, பொங்கவே இடம் கொடுக்காத சாதாரணமான விஷயத்தை எடுக்க வேண்டும், பால்சாக் எழுதியதுபோல நடுத்தரக் குடும்பத்துக் கதை ஒன்றை எழுத வேண்டும் என்றார்கள். நெருப்பில் போடு என்பது தீர்ப்பு. இதுதான் ஃபீட்பேக்.

குஸ்தாவின் அம்மா மட்டும் சமாதானமாகவில்லை. மகன் மீது பொறாமையில்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்தார். எந்த ஊராக இருந்தாலும் அம்மா அம்மாதானே!

எரிக்கவும் இல்லை... ஒதுக்கவும் இல்லை

சில வாரங்களில் குஸ்தாவ், மாக்ஸிமோடு எகிப்துக்குக் கிளம்பினார். அங்கிருந்து லூயிக்கு எழுதிய கடிதங்களில் அந்த அடியின் வலி தெரிகிறது. ஆனாலும் இரண்டு விஷயங்களை அவர் செய்யவில்லை. பிரதியை எரிக்கவில்லை. நண்பர்களை விட்டு விலகவும் இல்லை.

தப்பு என்ன என்பதைத் தனக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தார். 1852இல் கவிஞர் லூயிஸ் கோலேவுக்கு எழுதிய கடிதத்தில் அதற்கான பதில் இருக்கிறது. முத்துகளைச் சேர்த்த தான், அவற்றைக் கோக்கும் நூலை மறந்துவிட்டதாகச் சொல்கிறார். நண்பர்கள் வலி எங்கே என்று காட்டினார்கள். காரணத்தை அவரே கண்டுபிடித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை வந்துட்டா லூயி வருவார்

ஊர் திரும்பியவர், 1851 செப்டம்பர் 19 அன்று புது நாவலைத் தொடங்கினார். ரூவான் பக்கத்து ஊரில் எளிய மருத்துவர் ஒருவரின் இளம் மனைவி வாழ்ந்து, இறந்துபோன உண்மைச் சம்பவம் அதற்கு ஒரு விதை என்று சொல்வார்கள். சலித்துப்போன ஒரு டாக்டர் மனைவி, கனவுகள், கடன், முடிவு. அதுதான் 'மதாம் பொவாரி'.

இந்த முறை வேலை செய்யும் முறையே மாறியது. முழுதும் முடித்துவிட்டு மொத்தமாக வாசித்துக் காட்டுவதெல்லாம் கிடையாது. வாரம் முழுக்க எழுதுவார். வாக்கியம் காதுக்கு ஒத்துவருகிறதா என்று அறையில் உரக்கக் கத்திப் பார்ப்பார். வாரத்துக்கு ஒன்றிரண்டு பக்கம் மட்டுமே தேறிய காலங்களும் உண்டு. வார இறுதியில் லூயி வருவார். எழுதியதை வாசிப்பார்கள், வரி வரியாகச் சண்டை போடுவார்கள். லூயியின் கவிதைகளும் அதே மேஜைக்கு வரும், அதே அடியை வாங்கும். ஒருத்தர் மட்டும் நீதிபதி நாற்காலியில் உட்காரவில்லை. அதனால்தான் அது நிலைத்தது.

ஒரு சம்பவம் சுவாரஸ்யமானது. நாவலில் மருந்துக் கடைக்காரரின் பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை கிடைக்கிறது. சயாம் ராஜாவின் அரசவை மாதிரியான பொம்மை. அதை மட்டுமே சுமார் 10 பக்கத்துக்கு வர்ணித்துவிட்டார் குஸ்தாவ். லூயி எடுக்கச் சொன்னார். முடியாது என்றார் இவர். எட்டு நாள் போர் நடந்ததாக மாக்ஸிம் எழுதியிருக்கிறார். கடைசியில் பொம்மை போனது. எழுத்து மோசம் என்பது லூயியின் வாதமில்லை. எவ்வளவு அழகாக இருந்தாலும் கதையை அது மறைக்கிறது என்பதுதான். நூல் இல்லாத முத்து!

1853 கடைசியில் லூயி பாரீஸுக்குக் குடிபோனார். ஞாயிறுகள் குறைந்தன. கடிதங்கள் தொடர்ந்தன. நாலரை ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1856இல் நாவல் முடிந்தது. அதற்காக எழுதி எழுதி அடித்த வரைவுகள் நாலாயிரம் பக்கத்துக்கும் மேல். இன்றும் ரூவான் நூலகத்தில் இருக்கின்றன.

100 ஃபிராங்க் கொடுத்தால் சரிபண்ணித் தருவோம்!

இப்போ மாக்ஸிம் பக்கம் வருவோம். அவர் அப்போது 'பாரீஸ் ரெவ்யூ' பத்திரிகையை நடத்தியவர்களில் ஒருவர். 'மதாம் பொவாரி'யைத் தொடராக வெளியிட ஒப்புக்கொண்டார். 1856 ஜூலையில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாவல் தேவையில்லாத விஷயங்களுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது, எங்களிடம் விட்டுவிடு, அனுபவமுள்ள ஒருவரை வைத்து வெட்டிச் சரிசெய்கிறோம், அதற்கு 100 ஃபிராங்க் ஆகும், உனக்குத் தரவேண்டிய தொகையில் கழித்துக்கொள்வோம் என்பதுதான் சாரம்.

லூயியும் வெட்டச் சொன்னார். மாக்ஸிமும் வெட்டச் சொன்னார். அப்புறம் என்ன வித்தியாசம்?

லூயி ஒவ்வொரு பக்கத்தையும் சொல்லி, காரணம் சொல்லி, எட்டு நாள் வாதாடி, கத்திரிக்கோலை எழுதியவர் கையில் கொடுத்தார். மாக்ஸிமோ கத்திரிக்கோலை யாரோ ஒருவரிடம் கொடுக்கப் பார்த்தார். லூயிக்கு, நண்பன் எழுத நினைத்த நாவல் நன்றாக வர வேண்டும். மாக்ஸிமுக்கு, பத்திரிகைக்குச் சிக்கல் வராத நாவல் வேண்டும்.

குஸ்தாவ் மறுத்தார். சில வெட்டுகளுக்கு மட்டும் இறங்கிவந்தார். ஆனாலும் தொடர் வெளியானபோது, மூடிய குதிரை வண்டி ஊரைச் சுற்றிச் சுற்றி ஓடும் புகழ்பெற்ற காட்சியைப் பத்திரிகை எடுத்துவிட்டது. கோபத்தில், வாசகர்கள் படிப்பது துண்டுகளை மட்டுமே, முழு நாவலை அல்ல என்று அதே பத்திரிகையில் அறிவிப்பு போடவைத்தார் குஸ்தாவ்.

பயந்து வெட்டியும் பலனில்லை. பொது ஒழுக்கத்துக்கு எதிரானது என்று அரசு வழக்கு போட்டது. 1857 பிப்ரவரி 7 அன்று விடுதலை. ஏப்ரலில் நாவல் புத்தகமாக வந்தது. அதில் இரண்டு சமர்ப்பணங்கள். ஒன்று, வழக்கில் வாதாடிய வக்கீலுக்கு. இன்னொன்று... லூயி பூயேவுக்கு.

ஞாயிறு இல்லாமல் போனபோது

1869 மே மாதம் 'உணர்வுகளின் கல்வி' நாவலை முடித்தார். அதை லூயியோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். ஜூலை 18 அன்று லூயி இறந்துவிட்டார். இனி எழுதி என்ன பயன் என்று குஸ்தாவ் உடைந்துபோனார்.

அப்போது பிரதியைப் படிக்க வந்தவர் யார் தெரியுமா? பழைய மாக்ஸிம்தான். சுமார் 250 குறிப்புகள் எழுதிக் கொடுத்தார். பெரும்பாலும் மொழித் திருத்தங்கள். பழைய கசப்பை மனதில் வைத்துக்கொண்டு குஸ்தாவ் அதைத் தூக்கிப்போடவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தார். சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டார், மற்றதை விட்டார். யார் சொன்னது என்பதைவிட, சொன்னது சரியா என்பதுதான் முக்கியம் என்ற பக்குவம் வந்திருந்தது.

லூயி விட்டுப்போன கவிதைகளைத் தொகுத்து முன்னுரை எழுதி வெளியிட்டார். அவர் நாடகத்தை மேடையேற்ற அலைந்தார். நாடகம் ஓடவில்லை. அவருக்கென்ன, நண்பனின் பிரதிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்.

அடுத்த ஃபீட்பேக் ஒரு தோழியிடமிருந்து வந்தது. எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட், இவரைவிட 17 வயது மூத்தவர். குஸ்தாவின் எழுத்து வாசகரைச் சோகத்தில் தள்ளிவிடுகிறது, கொஞ்சம் இதமும் வேண்டும் என்று கடிதங்களில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பார்ப்பதைத்தானே எழுத முடியும் என்று வாதாடினார் இவர். வாதத்தில் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனால், 1876இல் அவருக்காகவே ஒரு கதையை எழுத உட்கார்ந்தார். ஓர் ஏழை வேலைக்காரப் பெண், அவள் பிரியம், ஒரு கிளி. 'எளிய இதயம்' என்ற அந்தக் கதை பாதியில் இருக்கும்போதே, ஜூன் 8 அன்று ஜார்ஜ் சாண்ட் இறந்துபோனார். அவர் கேட்ட கதையை அவர் படிக்கவே இல்லை. இன்று அது உலகின் சிறந்த சிறுகதைகளில் ஒன்று.

ஏழு வருஷம்... லஞ்ச்சோடு ஃபீட்பேக்

இப்போது குஸ்தாவ் அடுத்த நாற்காலிக்கு வருகிறார். இளமையிலேயே இறந்துபோன நண்பன் ஆல்ஃபிரட்டின் தங்கை மகன், எழுத ஆசைப்பட்டு அவரிடம் வந்தான். கடற்படை அமைச்சகத்தில் சலிப்பான குமாஸ்தா வேலை. அந்தப் பையன்தான், 'நெக்லஸ்' கதையை எழுதிய மாப்பசான்!

சுமார் ஏழு ஆண்டுகள். கவிதை, கதை, நாடகம் என எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவருவார் மாப்பசான். குஸ்தாவ் எல்லாவற்றையும் படிப்பார். அடுத்த ஞாயிறு மதியச் சாப்பாட்டில் கருத்து சொல்வார். அவசரப்பட்டு வெளியிட விடமாட்டார். வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு மளிகைக் கடைக்காரரை, மற்ற எந்தக் கடைக்காரரோடும் குழப்பிக்கொள்ள முடியாதபடி சில வரிகளில் எழுதிக் காட்டு என்பார். ஐம்பது வண்டிக் குதிரைகளில் ஒன்றை மட்டும் ஒரே வார்த்தையில் வேறுபடுத்திக் காட்டச் சொல்வார். நல்லாருக்கு, நல்லால்ல என்பதோடு நிறுத்தாமல், அடுத்த வாரம் செய்துபார்க்க ஒரு வேலையும் கொடுத்தார்.

1880 தொடக்கத்தில் மாப்பசானின் ஒரு கதை வந்தது. போர்க்காலத்தில் ஒரு குதிரை வண்டியில் பயணம் செய்பவர்களின் கதை. தலைப்புக்கு 'கொழுப்பு உருண்டை' என்று அர்த்தம். குஸ்தாவ் அதைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். இது தலைசிறந்த படைப்பு, நிலைத்து நிற்கும் என்று உடனே கடிதம் எழுதினார். எந்தப் பாத்திரம் ஏன் உயிரோடு இருக்கிறது என்பதையும் சொன்னார். ஏழு வருஷம் குறை சொன்ன வாய் பாராட்டினால், அதன் எடையே வேறதானே!

ஏப்ரலில் கதை வெளியானது, மாப்பசான் ஒரே நாளில் பிரபலம். மே 8 அன்று க்ருவாஸே வீட்டில் குஸ்தாவ் காலமானார். வயது 58.

நாம என்ன எடுத்துக்கலாம்?

* மொத்தமா 32 மணி நேரத்தைக் கொட்டாதீங்க. ஓர் அத்தியாயம், ஒரு காட்சின்னு காட்டுங்க. எங்கே போரடிக்குதுன்னு கேளுங்க. நல்லாருக்கான்னு மட்டும் கேட்டா எமோஜிதான் வரும்.

* வலி எங்கேன்னு வாசகர் சொன்னா நம்புங்க. மருந்து என்னங்கிறது உங்க முடிவு.

* கருத்து சொல்றவங்களா இருந்தா, நீங்க எழுத நினைக்கிற கதையை அவங்க மேல திணிக்காதீங்க. அவங்க எழுத நினைச்ச கதை எங்கே தடுக்குதுன்னு சொல்லுங்க. பக்கத்தைக் காட்டுங்க, காரணம் சொல்லுங்க.

* நல்லாருந்தா தயங்காமச் சொல்லுங்க. ஏன் நல்லாருக்குன்னும் சொல்லுங்க.

* முக்கியமா, சொல்லிட்டுக் காணாமப் போயிடாதீங்க. அடுத்த ஞாயிறும் வாங்க.

கடைசியா ஒரு விஷயம். நெருப்பில் போடச் சொன்ன அந்த அந்தோணியார் பிரதி என்ன ஆச்சு? குஸ்தாவ் அதை அலமாரியிலேயே வைத்திருந்தார். 1856இல் சுருக்கி எழுதிப் பார்த்தார். லூயி இறந்த பிறகு மறுபடி எடுத்து, முழுக்கத் திருத்தி எழுதினார். 1874இல் அது புத்தகமாக வந்தது. முதல் வாசிப்புக்கும் அதற்கும் நடுவே 25 ஆண்டுகள்.

உங்க நண்பர் அனுப்பின பிடிஎஃப் இன்னும் திறக்காம இருக்கா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. எமோஜி வேண்டாம். ஃபோன் பண்ணிப் பேசுங்க!